அந்த முனையில் ஒரு வெள்ளைத் துணி

நகரியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாட்டுவண்டியில் ஏறி, ரயில் கேட்டைத் தாண்டியபோது சந்திரம்மாவின் மனசு நிறைந்துதான் இருந்தது. இரண்டாம் தாரமாகப் போகிறோமே என்ற குறை இல்லாமல் இல்லை. ஆனால் பொதட்டூர்பேட்டையில் தாலி கட்டிய கையோடு முனிரத்தினம் அவள் காதருகே குனிந்து, "காலைலருந்து ஒண்ணும் துன்னலையே நீ, பசிக்குதா?" என்று கேட்டிருந்தான். பெண் பார்க்க வந்தபோதுகூட வாய் திறக்காதவன் அவன். அந்த ஒரு கேள்வியை, முந்தானையில் முடிந்த மஞ்சள் துண்டைப் போல, அவள் வழி நெடுகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. மல்லாந்து படுத்த மனிதனின் முகம் போன்ற நகரி மலையில், மூக்கு மட்டும் மேகத்துக்கு வெளியே தெரிந்தது.

வண்டி நின்ற இடத்தில் ஊரே இல்லை. வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே, கிழக்கு மேற்காக, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு சிமெண்ட் தரை ஓடியது. வெடிப்புகளில் புல் முளைத்திருந்தது. யுத்த காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் விமானம் இறக்குவதற்காகப் போட்டது அது. யுத்தம் முடிந்து பட்டாளம் போய்விட்டது, தரை போகவில்லை. நெசவு செய்கிறவனுக்கு இதைவிடத் தோதான இடம் ஏது? நூலை நீளமாக விரித்துக் கஞ்சி தோய்க்க வேண்டும். தெருவில் பாவு போட்டால் வண்டி வரும், மாடு வரும், குழந்தைகள் ஓடும். இங்கே தடுப்பார் இல்லை. மேற்கு ஓரத்தில் காவல்காரர்களுக்காகக் கட்டிய மூன்று சின்ன வீடுகள். ஒன்றில் முனிரத்தினம். அடுத்ததில் நாகபூஷணமும் அவர் மனைவி கிருஷ்ணம்மாவும். மூன்றாவதற்குக் கூரை இல்லை.

"வாம்மா வா," என்று நாகபூஷணம் வாசலுக்கே வந்தார். "இப்பவே ஊரை நல்லாப் பாத்துக்க. எல்லைக் கோடு போடறாங்களாம். உங்க பொதட்டூர்பேட்டை மெட்ராஸ் பக்கம் பூடும், நாம இந்தப் பக்கம். அப்பறம் அம்மா ஊட்டுக்குப் போவணும்னா கலெக்டரைத்தான் கேக்கணும்."

"வந்ததும் வராததுமா பொண்ணைப் பயமுறுத்தாதே," என்றாள் கிருஷ்ணம்மா. "நூலுக்குப் போடற கஞ்சியை எடுத்து உன் வாய்ல தடவணும். அப்பவாவது ஒட்டிக்குமா பாக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். முனிரத்தினம் சிரிக்கவில்லை. அவன் வாசல்படியில் உட்கார்ந்து, கிழக்கே இருட்டிக்கொண்டு வந்த அந்த நீண்ட தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முகம் கழுவிவிட்டு உள்ளே வந்த சந்திரம்மா, சுவரில் ஆணியில் தொங்கிய வெள்ளைத் துண்டை எடுக்கக் கையை நீட்டினாள். துவைத்து மடித்த துண்டு. மடிப்பு கலையாமல் தூசி படிந்திருந்தது.

"அது வேணாம்," என்றான் அவன் பின்னாலிருந்து. குரலில் கோபம் இல்லை. "வேற தரேன்."

வேறு துண்டைக் கொண்டுவந்து, அவளிடம் கொடுக்காமல், தானே அவள் முகத்தைத் துடைத்துவிட்டான். ஆணியில் தொங்கியதைப் பற்றி அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. புதுப் பெண்ணுக்கு அந்த நேரத்தில் அந்தக் கை போதுமாயிருந்தது.

கார்த்திகை கடைசியில்தான் அவள் அங்கே முதல் பாவைப் பார்த்தாள்.

நெசவாளி வீட்டில் பிறந்தவளுக்குப் பாவு புதிதல்ல. விடியும் முன்பே நூலை விரித்துவிட வேண்டும். குறுக்கே கட்டிய மூங்கில் கால்களின் மேல் அதைத் தாங்கி நிறுத்தி, இரண்டு முனைகளிலும் கோல் மாட்டி, கயிற்றால் முளைக்குச்சியில் இழுத்துக் கட்ட வேண்டும். பிறகு கஞ்சி தோய்த்துத் தேய்த்து, வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஆனால் அவள் ஊரில் பாவு தெரு நீளம்தான் இருக்கும். "இழுடா" என்று இந்த முனையிலிருந்து கத்தினால் அந்த முனைக்குக் கேட்கும். இங்கே தரை நீளமாக இருந்ததால் பாவையும் நீளமாகப் போட்டார்கள். பனியில் குரல் பாதி வழியிலேயே அமுங்கிப்போகும். அந்த முனை கண்ணுக்கே தெரியவில்லை.

"அந்த முனைக்கு நான் போறேன் மாமா," என்றாள் சந்திரம்மா. "கோல் மாட்டிட்டுக் குரல் குடுக்கறேன்."

"வேணாம்," என்றான் முனிரத்தினம். "அங்க ஆளு இருக்குது."

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். அவள் சுற்றிலும் பார்த்தாள். நாகபூஷணம் கஞ்சிச் சட்டியருகே குனிந்திருந்தார். கிருஷ்ணம்மா அவருக்குப் பக்கத்தில். வேறு யாரும் இல்லை. இருவருமே தலையை நிமிர்த்தவில்லை. எப்போதும் ஓயாத நாகபூஷணத்தின் வாய் மூடியிருந்தது.

முனிரத்தினம் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, பனிக்குள் பார்த்தபடி காத்திருந்தான்.

எதற்குக் காத்திருக்கிறான்?

பனி மெல்ல நகர்ந்தது. கிழக்கே எங்கேயோ, தரையின் கடைசியில், வெள்ளையாக ஏதோ ஒன்று மேலே ஏறியது. கொக்காக இருக்கலாம். சந்திரம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்ப்பதற்குள் பனி மூடிவிட்டது.

ஆனால் அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள். அவன் சிரித்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சிரிப்பை அவள் பார்த்ததில்லை.

அவன் கயிற்றை இழுத்தான். பாவு விண்ணென்று விறைத்தது.

அப்போது ஒரு ஓசை கேட்டது. கிருஷ்ணம்மா வீட்டுக்குள் யாரோ ராட்டை சுற்றுவது போல, சன்னமாக, விட்டு விட்டு. கிருஷ்ணம்மாவோ இங்கே இருக்கிறாள். ஓசை கிழக்கிலிருந்து, மலைக்கு அந்தப் பக்கமாக, உயரத்திலிருந்து வந்தது. கொஞ்ச நேரம் இருந்து, நின்றது.

அன்று மதியம் சந்திரம்மா கிருஷ்ணம்மாவின் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"சொல்லுக்கா. அங்க யாரு இருக்குது?"

கிருஷ்ணம்மா ராட்டையில் தார் நூல் சுற்றுவதை நிறுத்தினாள். "உன்கிட்ட சொல்லிட்டுத்தான் பொண்ணு கேக்கணும்னு நான் இவர்கிட்டத் தலைதலையா அடிச்சிக்கினேன். புதுசா ஒருத்தி வந்தா அவன் மறந்துடுவான்னாரு."

"கமலம்மாவா?"

முதல் தாரத்தின் பெயர் அதுதான் என்று சந்திரம்மாவுக்குத் தெரியும். விபத்தில் செத்துப்போனாள் என்றும் தெரியும். பஸ் விபத்து என்று நினைத்திருந்தாள்.

"அப்போ அந்த முனையில அவதான் நிப்பா," என்றாள் கிருஷ்ணம்மா. "கத்தினா கேக்காது இல்ல? கோலை மாட்டிட்டு, வெள்ளைத் துண்டை மேல தூக்கிக் காட்டுவா. தயாரா இருக்குது, இழுன்னு அர்த்தம். இவன் இழுப்பான். அது அவங்க ரெண்டு பேருமா பண்ணிக்கின ஏற்பாடு. கொஞ்சிக்கிற மாதிரி இருக்கும் பாக்க."

கமலம்மா செத்த வருஷம் தை மாதத்தில் மெட்ராஸ்காரப் பையன் ஒருவன் சின்ன ஏரோப்ளேனைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தான். புத்தூரில் பெண் பார்க்க. இந்தத் தரையில் இறங்குவதாக ஏற்பாடு. பெண் வீட்டார் ஓர் ஆளை அனுப்பி, எந்தப் பக்கமிருந்து இறங்க வேண்டுமோ அந்த முனையில் வெள்ளைத் துணியைத் தூக்கிக் காட்டச் சொல்லியிருந்தார்கள்.

"அந்த ஆளு மேக்கால, இங்க நம்ம ஊட்டாண்டதான் நிக்கணும். ஆனா பையன் அவசரக் குடுக்கை, சொன்ன நேரத்துக்கு முன்னாலயே வந்துட்டான். இங்க யாரும் இல்ல. கெழக்கால கமலம்மா துண்டைத் தூக்கிக்கினு நிக்கிறா."

"ஐயோ."

"ஒரு தடவை சுத்திப் பாத்திருக்கணுமாம். எங்க ஊட்டு அடுப்புப் புகையைப் பாத்திருந்தாலே காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரிஞ்சிருக்குமாம். காத்துக்கு எதிர்லதான் எறங்கணும், காத்தோட எறங்கிட்டான், முழுக்க ஓட்டினவன் தப்புன்னு விசாரிக்க வந்த ஆபீசருங்க எழுதிக்கினு போனாங்க. எழுதினா யாரு திரும்பி வரப்போறா? அவ இந்தப் பக்கமா பாத்துக்கினு நின்னா, இவன் இழுப்பான்னு. அது அவ முதுகுக்குப் பின்னால வந்துச்சி."

கமலம்மாவை அடித்த விமானம் அதே வேகத்தில் பாவின் மேலேயே ஓடி வந்திருக்கிறது. முனிரத்தினம் கயிற்றை உதறிவிட்டு விழுந்ததால் பிழைத்தான். அது நிற்க இடம் போதாமல், வீடுகளையும் தாண்டி, ஏரிக்கரைப் பனைமரங்களில் மோதிக் கிடந்தது. பையன் உட்கார்ந்தபடியே செத்திருந்தான். பெண் வீட்டுக்காக வாங்கிவந்த கூடை உடைந்து, ஆப்பிள் பழங்கள் தரையெல்லாம் உருண்டு கிடந்தன.

"இந்தப் பக்கம் அதுவரைக்கும் ஆப்பிளைக் கண்டவங்க யாரு இருந்தாங்க? இருந்தும் ஒருத்தரும் தொடல. பெட்ரோல் வாசனையும் பழ வாசனையும் கலந்து ரொம்ப நாளு இங்கயே இருந்துச்சி." கிருஷ்ணம்மா குரலைத் தாழ்த்தினாள். "இப்பவும் சில நேரம் வருது."

அன்றிரவு சந்திரம்மா கணவனிடம் கேட்டாள். அழுவோம் என்று நினைத்திருந்தாள். அழுகை வரவில்லை.

"நீ அவளைப் பாக்கறியா மாமா?"

அவன் மறைக்கவில்லை. "துணி தெரியும். கை தெரியும். பச்சை வளையல் போட்ட கை. முகம் தெரியாது."

"அவ இன்னா கேக்கறா?"

"ஒண்ணும் கேக்கல சந்திரா. அன்னிக்கு அவ தூக்கிட்டா, நான் இழுக்கல. இழுக்கறதுக்குள்ள வந்துடிச்சி. நான் இழுக்கற வரைக்கும் அவ கையைக் கீழ போட மாட்டா. எவ்வளவு நேரம் தூக்கிக்கினே நிப்பா, நீயே சொல்லு. கை வலிக்காதா?"

அவனைத் திட்ட வேண்டும் என்று வந்தவள், எழுந்து போய் அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இவனை எப்படி வெறுப்பது? செத்தவளுக்குக் கை வலிக்குமே என்று கவலைப்படுகிறவன், உயிரோடு இருக்கிறவளை எப்படியெல்லாம் வைத்துக்கொள்வான்! அந்தப் பனியை மட்டும் அவன் கண்ணிலிருந்து விலக்கிவிட்டால் போதும்.

மார்கழி பிறந்தது. அடுத்த பாவில் ராட்டை ஓசை மலைக்கு இந்தப் பக்கம் கேட்டது.

அதற்கடுத்த பாவில் அது ராட்டை ஓசை இல்லை.

கிழக்கு முனைக்கு மேலே வரைக்கும் வந்து, தாழ்ந்து, திணறி, நின்றது. நாகபூஷணத்தின் தலைப்பாகை கழன்று கஞ்சிச் சட்டியில் விழுந்தது. குளிர்ந்த காற்றில் பெட்ரோல் நாற்றம். அதற்கு அடியில் இனிப்பாக ஒரு வாசனை. சந்திரம்மா ஆப்பிளை ஒரே ஒரு தடவை, திருப்பதியில் ஒரு கடை வாசலில், முகர்ந்திருக்கிறாள். அதே வாசனை.

அன்றைக்கே நாகபூஷணம் தறியைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்.

"ஏகாம்பரகுப்பத்துல என் மச்சான் ஊடு இருக்குது," என்றார். வழக்கமான கேலி அவர் குரலில் இல்லை. "ஒவ்வொரு தடவை அவ துணியைத் தூக்கறப்பவும் அந்த ஏரோப்ளேன் பையன் அதைப் பாத்துக்கினுதான் வரான் தம்பி. நீ இழுக்கறது அவளுக்காக. அவ தூக்கறது அவனைக் கூப்பிட்டுக்கினு வருது. அடுத்த தடவை எறங்கிடுவான். நீயும் வந்துடு."

"இன்னும் ஒரே பாவு இருக்குதுண்ணா. நூல் வாங்கிட்டேன்."

"நூலு கெடக்குதுடா!"

முனிரத்தினம் விலகி வழி விட்டான். வண்டி போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சந்திரம்மா அவனிடம் சொல்ல வேண்டியதை அன்று சாயங்காலம்தான் சொன்னாள். நாள் தள்ளிப்போயிருக்கிறது. வாந்தி வருகிறது. கிருஷ்ணம்மா நாடி பிடித்துப் பார்த்துச் சொல்லிவிட்டாள்.

அவன் கையிலிருந்த நூலைக் கீழே வைத்தான். பிறகு அவள் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டான். உள்ளங்கை நனைந்தது.

"பொதட்டூர்பேட்டைக்கே போயிடலாம்," என்றான். "எல்லை எங்க வேணா போட்டுக்கட்டும். உங்க தெருவுலயே பாவு போடறேன். இந்த ஒரு தடவை மட்டும். அவகிட்டச் சொல்லிட்டு வந்துடறேன் சந்திரா. சொல்லாம போனா அவ நின்னுக்கினே இருப்பா."

அவன் முதல் தடவையாக, போகலாம் என்று சொல்லியிருக்கிறான். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் யோசித்தாள். அந்த முனை காலியாக இருப்பதால்தானே செத்தவள் வந்து நிற்கிறாள்? உயிருள்ள பெண்டாட்டி அங்கே நின்றுவிட்டால்? துணியே மேலே ஏறாவிட்டால், மேலே சுற்றுகிறவனுக்கு எது தெரியும்?

"சரி மாமா. ஆனா அந்த முனையில நான் நிக்கறேன்."

"வேணாம்."

"நான் துணி தூக்க மாட்டேன். கோலை மாட்டிட்டு, பாதி தூரம் வந்து குரல் குடுக்கறேன். என் குரல் கேட்டாதான் நீ இழுக்கணும். வேற எதைப் பாத்தாலும் இழுக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

அவன் அவள் வயிற்றின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

விடியலுக்கு முன் இருவருமாகப் பாவை விரித்தார்கள். கிழக்கே வெளுத்தும் வெளுக்காத நேரம். அப்படியொரு பனியை அவள் பார்த்ததில்லை. ஆணியில் தொங்கிய துண்டை அவள் திரும்பிப் பார்த்தாள். அது அங்கேயேதான் இருந்தது. பனி தலையில் இறங்காமல் இருக்கத் தன் துண்டால் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள்.

"மெதுவா போ," என்றான் அவன். "தரை வழுக்கும்."

அவன் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

பாவின் ஓரமாகவே நடந்தாள். இடது கை நூலைத் தொட்டுக்கொண்டே வந்தது. கொஞ்ச தூரத்தில் அவனும் வீடும் மறைந்தன. இன்னும் கொஞ்ச தூரத்தில் தன் கால்கள் மறைந்தன. சிமெண்டில் ஈரக் காலடி ஓசை கேட்டது. அவளுடையதுதான்.

அவள் நின்றாள். ஓசை ஒரு அடி தள்ளி நின்றது.

முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். முளை வந்தது. கோலை எடுக்கக் குனிந்தாள்.

கோல் ஏற்கனவே மாட்டியிருந்தது.

கயிற்றின் முடிச்சு ஈரமாக, இறுக்கமாக, அழகாகப் போடப்பட்டிருந்தது. பழகிய கை போட்ட முடிச்சு.

தேங்காய் எண்ணெய் வாசனை. பழைய கஞ்சி வாசனை. பக்கத்தில் யாரோ வேலை முடித்து மூச்சு வாங்குகிறார்கள்.

பாதி தூரம் திரும்பிப் போய்க் குரல் கொடுக்க வேண்டும். கால் நகரவில்லை. "மாமா" என்று கத்த வாயைத் திறந்தாள். பனி வாய்க்குள் போயிற்று. குரல் வரவில்லை.

வளையல் குலுங்கியது.

அவள் கண்ணுக்கு நேரே ஒரு கை மேலே எழுந்தது. பச்சை வளையல்கள் முழங்கையை நோக்கிச் சரிந்தன. கையில் வெள்ளைத் துணி. சந்திரம்மாவுக்குப் பயத்தைவிட ஆத்திரம் முன்னால் வந்தது. "அவரை உட்டுடு," என்று மனசுக்குள்ளேயே கதறினாள். "எனக்கு அவர் ஒருத்தர்தான் கீறாரு. உட்டுடு அக்கா." பாய்ந்து அந்தத் துணியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அது வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

தூரத்தில் ராட்டை சுற்ற ஆரம்பித்தது.

இன்னும் பலமாக இழுத்தாள்.

அப்போது ஒரு நொடி பனி கிழிந்தது. அவள் தலையில் பனி சில்லென்று இறங்கியது. தலையில் துண்டு இல்லை.

அந்தத் துண்டுதான் அவள் கையில் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. பச்சை வளையல் இல்லை. சந்திரம்மா தன்னந்தனியாக, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, தன் வெள்ளைத் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

கையைக் கீழே போட முடியவில்லை.

ஓசை பின்னாலிருந்து வந்தது. பிடரியில் காற்று அறைந்தது. பெட்ரோலும் பழமும் மூக்கை அடைத்தன. தலைக்கு மேலே, கை நீட்டினால் எட்டும் உயரத்தில், ஒரு பெரிய நிழல் போயிற்று. அதன் ஓரத்திலிருந்து ஒரு இளம் முகம் எட்டிப் பார்த்தது. கண்ணில் பெரிய கண்ணாடி. கல்யாணக் களை. இடம் காட்டியதற்கு நன்றி சொல்வது போல அவளைப் பார்த்துக் கையை ஆட்டிச் சிரித்தது.

பிறகு அது பனிக்குள் இறங்கியது. மேற்கே. அவனை நோக்கி.

அப்போதுதான் அவள் குரல் திரும்பி வந்தது.

"மாமா!"

பதில் இல்லை. ஓசையும் நின்றுவிட்டது. பாவின் மேலிருந்து பனித்துளிகள் சொட்டிக்கொண்டிருந்தன.

அவனை அவள் மேற்கு முனையில் காணவில்லை. பாதி வழியிலேயே, தரை நடுவில், குப்புறக் கிடந்தான். கையில் சுற்றிய கயிற்றை அவிழ்க்காமல் ஓடி வந்திருக்கிறான். கயிறு அவனுக்குப் பின்னால் நீளமாகக் கிடந்தது. அவன் இழுக்கவில்லை, சத்தியத்தைக் காப்பாற்றியிருந்தான். பனி கிழிந்த அந்த நொடியில் துணியைப் பிடித்திருந்தவள் யார் என்பது தெரிந்ததும், வாழ்க்கையில் முதல் தடவையாக, அவளை நோக்கி ஓடி வந்திருக்கிறான்.

உடம்பில் ஒரு காயம் இல்லை. மாரடைப்பு என்றார் நகரி டாக்டர். பாவில் ஒரு இழை அறுந்திருக்கவில்லை. ஆனால் சிமெண்டின் மேல் படிந்திருந்த பனியில், பாவுக்கு இரு பக்கமும், இரண்டு கோடுகள் நேராக ஓடின. வெயில் ஏறும் வரை இருந்தன. நாகபூஷணம் வந்து பார்த்தார். கிருஷ்ணம்மாவும் பார்த்தாள். கோடுகள் முனிரத்தினம் கிடந்த இடத்தோடு முடிந்திருந்தன.

சந்திரம்மா தாய் வீட்டுக்குப் போனாள். சித்திரை பிறப்பதற்கு முன் எல்லை மாறி, பொதட்டூர்பேட்டை மெட்ராஸ் பக்கம் வந்தது. தெருவில் மேளம் அடித்தார்கள். அந்தத் தரை எல்லைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது என்று அவள் அம்மா கற்பூரம் ஏற்றினாள். ஆவணியில் ஆண் குழந்தை பிறந்தது. முனிரத்தினத்தின் அதே நெற்றி.

மறுபடியும் மார்கழி வந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்து எத்தனை நாள் சாப்பிட முடியும்? தெருவில் பாவு போட அவளும் போனாள். தாய்மாமன் பழனி கூடவே நின்றார். இங்கே பயமில்லை. இருபுறமும் வீடுகள். ஆட்கள், சிரிப்பு, சண்டை. கத்தினால் கேட்கும் தூரம். துணி தூக்கும் வழக்கமே இந்தத் தெருவில் கிடையாது. குழந்தை வாசல் நடையில் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

பழனி மாமன் கயிற்றை அவள் கையில் கொடுத்தார். "பிடிச்சிக்கினு இரும்மா. அந்த முனைக்கு ஆளு அனுப்பறேன்." திரும்பியவர் அப்படியே நின்றார்.

"யாரது? நம்ம ஆளுங்க எல்லாம் இங்கதானே கீறாங்க?"

சந்திரம்மா குனிந்தபடியே இருந்தாள். பார்க்கக் கூடாது.

"ஆம்பளை ஆளு," என்றார் மாமன், கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு. "பனியில முகம் தெரியல. வெள்ளைத் துணியைத் தூக்கிக்கினு நிக்கிறான். இன்னா, இழுக்கச் சொல்றானா?"

பேச்சும் சிரிப்பும் ஒவ்வொன்றாக நின்றன. தெருவில் யார் வீட்டு ராட்டையும் அந்நேரம் சுற்றவில்லை. ஆனாலும் மலைக்கு அந்தப் பக்கம், வெகு தொலைவில், ஒன்று சுற்ற ஆரம்பித்தது. ஈரக் காற்றில் ஆப்பிள் வாசனை.

தூளியில் குழந்தை விழித்துக்கொண்டு கிழக்கே பார்த்துச் சிரித்தான்.

இழுத்தால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். இழுக்காவிட்டால் அவன் அப்படியேதான் நின்றுகொண்டிருப்பான் என்பதும் தெரியும்.

எவ்வளவு நேரம் தூக்கிக்கொண்டே நிற்பான்? கை வலிக்காதா?

சந்திரம்மா நிமிர்ந்து பார்த்தாள். கயிறு அவள் கையில் இறுகியது.